தபால் வரவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் தபால் அறையில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பொங்கலுக்கு அடுத்த வாரமும் என் சன்னலுக்கு முன்னால் கூட்டம் நிற்கும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணா, என் தபால் வந்துச்சா?” வரவில்லை என்றால் அடுத்த பேச்சு தபால்காரரைப் பற்றி இருக்கும். அது பெரும்பாலும் நல்ல பேச்சாக இருக்காது.

திட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தபால் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அனுப்பியவர் ஊர்க் கவுன்ட்டர், தபால் பிரிக்கும் மையம், உங்கள் பின்கோடுக்கு உரிய பட்டுவாடா அலுவலகம், வளாகத்து வாசல், அப்புறம் என்னுடைய அறை. இவ்வளவுதான் நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பிரிக்கும் மையத்தில் நிற்கும் பார்சலுக்காக வளாகத்துச் செக்யூரிட்டியிடம் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கீழே இருப்பது தமிழ்நாட்டு வளாகங்களில் இந்திய அஞ்சல் துறை வழியாக வரும், போகும் தபால்களுக்கானது. தனியார் கூரியருக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

டிராக்கிங்கில் எண்ணைப் போட்டால் “தகவல் இல்லை” என்கிறது

முதலில் எண்ணைச் சரிபாருங்கள். ஸ்பீட் போஸ்ட் எண் மொத்தம் பதின்மூன்று எழுத்துகள்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. நடுவில் எழுத்தே வராது. அங்கே ஆங்கில ‘O’ மாதிரி தெரிவது பூஜ்யம்தான். அம்மா வாட்ஸ்அப்பில் ரசீதைப் படம் எடுத்து அனுப்பி, அதைப் பார்த்து நீங்கள் தட்டச்சு செய்யும்போது இங்கேதான் கை தவறும். ஒன்பது இலக்கத்தில் கடைசியாக இருப்பது முந்தைய எட்டை வைத்துக் கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு எண். அதனால் ஓர் இலக்கம் தவறினாலும் அது இன்னொருவர் தபாலின் எண்ணாக ஆகிவிடுவது அபூர்வம், வெறுமனே ஒன்றும் கிடைக்காது.

எண் சரியாக இருந்தும் ஒன்றும் வரவில்லை, பதிவு செய்தது இன்றுதான் என்றால் நாளைக் காலை பாருங்கள். சாதாரணத் தபாலில் வெறும் அஞ்சல்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டதற்கு எண்ணே கிடையாது. அதைத் தேட எனக்கும் வழியில்லை, உங்களுக்கும் இல்லை.

மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது

எந்த மூன்று நாள் என்று காலண்டரைப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விடுதியில் தொங்கும் காலண்டர் மாநில அரசின் விடுமுறையைச் சொல்கிறது. அஞ்சல் நிலையம் மத்திய அரசு அலுவலகம், அதற்குப் பட்டியல் வேறு. மத்திய அரசின் கட்டாய விடுமுறைகள் பதினான்கு. அதில் குருநானக் பிறந்தநாளும் புத்த பூர்ணிமாவும் உண்டு. அந்த நாள்களில் நம் வகுப்புகள் நடக்கும், தபால் கவுன்ட்டர் மூடியிருக்கும். மாணவர்கள் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு என்ன லீவு?” என்று என்னைக் கேட்பார்கள்.

இதற்கு நேரெதிரானதும் நடக்கும். 2026 பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. மாநில அரசுக்கு வியாழன் பொங்கல், வெள்ளி திருவள்ளுவர் நாள், சனி உழவர் திருநாள், அடுத்து ஞாயிறு. வளாகம் நான்கு நாள் தொடர்ந்து பூட்டிக் கிடந்தது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு இந்த மூன்று நாள் கணக்கு கிடையாது. ஆக, தபால் நகர்ந்து வந்துவிடும், வாங்கத்தான் ஆள் இருக்காது. இதன் விளைவு அடுத்த தலைப்பில் வருகிறது.

அந்த ஆண்டுக்கான பட்டியலை அஞ்சல் நிலையச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஜனவரியிலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையே இல்லாத நாளிலும் அசையவில்லை, கடைசிப் பதிவு பிரிக்கும் மையத்தில்தான் இருக்கிறது என்றால் பண்டிகைக் குவியலில் மாட்டியிருக்கிறது என்று பொருள். இரண்டு வேலை நாள் பொறுங்கள். அதற்கு மேலும் நின்றால் புகார். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

“டோர் லாக்டு” என்கிறது, வாசலில் இருபத்து நான்கு மணி நேரமும் காவலர் இருக்கிறார்

அதிகமாகக் கோபம் வரவழைப்பது இந்த வரிதான். “இவ்வளவு பெரிய கேட்டைப் பூட்டியிருக்குன்னு எழுதியிருக்காங்க பாருங்க” என்று போனை நீட்டுவார்கள்.

தபால்காரர் பக்கத்திலிருந்து பார்ப்போம். கைபேசிச் செயலியில் சில காரணங்கள்தான் இருக்கின்றன, அதில் ஒன்றைத் தொட்டாக வேண்டும். திருவள்ளுவர் நாளன்று பையோடு வருகிறார். விடுதி அலுவலகம் பூட்டு. தபால் அறை பூட்டு. காவலர் “கையெழுத்துப் போட்டு வாங்க எனக்கு உத்தரவு இல்லை” என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். உங்கள் பாஸ்போர்ட் தொலைந்தால் யார் பொறுப்பு? இதற்கெல்லாம் சேர்த்துச் செயலியில் இருப்பது அந்த ஒரு வரி.

செய்ய வேண்டியது இது. அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே, பட்டுவாடா அலுவலகத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, தபால் எண், அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். தபால்காரர்கள் பையோடு கிளம்புவதற்கு முன் போனால் கையிலேயே வாங்கிவிடலாம். கிளம்பிவிட்டால் மறுபடியும் அவர் வளாகத்துக்கு எடுத்து வந்துகொண்டிருப்பார், நீங்கள் அங்கே நின்றுகொண்டிருப்பீர்கள். எந்த நேரத்தில் கிளம்புகிறார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. “பட்டுவாடா அலுவலகம்” என்றதும் வளாகத்துக்குள் இருக்கும் அஞ்சல் நிலையத்துக்கு ஓடாதீர்கள். வளாகத்து அஞ்சல் நிலையங்கள் பலவற்றில் தபால்காரர் என்று ஒருவரே கிடையாது. அவை வாங்கி அனுப்பும், பணம் கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். உங்களுக்கு வரும் தபாலை வெளியே உள்ள வேறொரு அலுவலகம் கொண்டுவந்து தரும். இரண்டுக்கும் பின்கோடு ஒன்றாகவே இருக்கலாம். போதாததற்கு, சில ஊர்களில் பல அஞ்சல் நிலையங்களின் தபால்காரர்களை ஒரே பட்டுவாடா மையத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே டிராக்கிங்கில் கடைசி வரியில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்து அங்கே போங்கள். வளாகத்துக் கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவிடம் கத்திப் பயனில்லை. அவர் கையில் உங்கள் தபால் இல்லை.

எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? ஒரு வாரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து கேட்டால் அது அனுப்பியவர் வீட்டுத் திண்ணையில் இருக்கும்.

“முகவரி போதவில்லை” என்று திரும்பிப் போய்விட்டது

இதற்கு அனுப்பியவர்தான் காரணம் என்று சொல்வோம். ஆனால் அனுப்பியவருக்கு முகவரி கொடுத்தது யார்?

மாணவர்கள் தரும் முகவரியில் பெயரும் பல்கலைக்கழகமும் ஊரும் இருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் இடத்தில் “கார்த்திக், அண்ணா பல்கலைக்கழகம், சென்னை” என்றால் தபால்காரர் என்ன செய்வார்? விடுதிப் பெயர் மட்டும் எழுதினாலும் போதாது. சென்னை ஐ.ஐ.டி. விடுதிகளுக்குக் காவேரி, நர்மதா, தாமிரபரணி என்று ஆற்றுப் பெயர்கள். “காவேரி ஹாஸ்டல், சென்னை” என்று எழுதினால் நகரத்தில் எத்தனை காவேரிகள் வரும் என்று யோசியுங்கள்.

நான் எல்லாருக்கும் சொல்லும் வரிசை இதுதான்:

பெயர் (அடையாள அட்டையில் உள்ளபடி, முன்னெழுத்தோடு)
பதிவு எண், துறை
அறை எண், விடுதிப் பெயர்
பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர்
அஞ்சல் நிலையத்தின் பெயர், ஊர், பின்கோடு
கைபேசி எண்

பதிவு எண் ஏன் என்று கேட்பார்கள். ஒரே விடுதியில் மூன்று தினேஷ் குமார் இருந்தால் அவர்களைப் பிரிப்பது அந்த எண்தான். கைபேசி எண் இன்னும் முக்கியம். தபால்காரர் வாசலில் நின்று கூப்பிடப் போவது அதைத்தான்.

பின்கோடைச் சோதித்து எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த இந்த ஆறு இலக்கத்தில் முதல் மூன்றும் எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று சொல்லும், கடைசி மூன்றும் எந்தப் பட்டுவாடா அலுவலகம் என்று சொல்லும். ஊரும் பின்கோடும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பை பின்கோடைத்தான் பின்தொடரும். சென்னை ஐ.ஐ.டி.க்கு 600036. கடைசி இரண்டை மாற்றி 600063 என்று எழுதினால் பெருங்களத்தூர் போய்விட்டு வரும். அண்ணா பல்கலைக்கழகம் 600025, அண்ணாமலை நகர் 608002, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 625021. இவற்றில் எதுவும் அந்தந்த ஊரின் தலைமை அஞ்சல் நிலைய எண் கிடையாது. ஊர்ப் பெயரை வைத்துக் கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணை எழுதுபவர்கள் விழும் குழி இதுதான்.

2025 மே மாதம் அறிமுகமான டிஜிபின் பற்றியும் கேட்கிறார்கள். ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டத்தைப் பத்து எழுத்தில் குறிப்பிடும் முறை அது. விடுதியின் எந்த வாசல் என்று சொல்ல நல்லது. ஆனால் அது பின்கோடுக்கு மாற்றாக வந்ததில்லை. மூன்றாம் மாடி அறை எண்ணையும் அது சொல்லாது.

“டெலிவர்டு” என்கிறது, கையில் ஒன்றும் இல்லை

முதலில் என் அறைக்கு வாருங்கள். மொத்தமாக வந்த தபால்களுக்கு நான் கையெழுத்திட்டதும் உங்கள் கைபேசியில் “டெலிவர்டு” வந்துவிடும். நான் அதைப் பிரித்து, நோட்டில் ஏற்றி, அறைவாரியாக அடுக்க மாலை ஆகிவிடும். தீபாவளி வாரத்தில் மறுநாளே ஆகிவிடும். நோட்டில் உங்கள் பெயர் இல்லை என்றால் அடுத்தது விடுதி அலுவலகம், அதற்கடுத்து துறை அலுவலகம். அனுப்பியவர் துறையின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தால் தபால் துறைத்தலைவர் மேசைக்குப் போயிருக்கும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொங்கல் சமயத்தில், நேர்முகத் தேர்வுக்கான கடிதம் ஒன்றைப் பக்கத்து அறைக்காரரின் தபால் கூண்டில் வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்து அறைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். நான்கு நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. நல்லவேளை, தேர்வுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்தப் பையன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து கூண்டில் போடுவதற்கு முன் அறை எண்ணை வாய்விட்டுப் படிக்கிறேன். ஆகவே பக்கத்துக் கூண்டுகளையும் பார்க்கச் சொல்லி என்னைக் கேட்கத் தயங்காதீர்கள்.

எங்குமே இல்லை என்றால் பட்டுவாடா அலுவலகத்தில் யாருடைய கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. “தேதி, எண் இரண்டையும் குறித்து எழுத்தில் தருகிறேன்” என்று சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

தபால்காரர் ஓ.டி.பி. கேட்கிறார், எனக்கு வரவில்லை

அனுப்பியவர் உறையில் எழுதிய எண் யாருடையது என்று பாருங்கள். அப்பா தன் எண்ணை எழுதியிருப்பார், ஓ.டி.பி. அவருக்குப் போயிருக்கும், அவர் வயலில் இருப்பார். போன் செய்து கேட்டுச் சொல்லிவிட வேண்டியதுதான். தபால்காரர் நிற்கும்போதே செய்யுங்கள். அவருக்கு இன்னும் நூறு வீடு பாக்கி இருக்கும். அதே சமயம், தபால்காரர் எதிரில் இல்லாதபோது யாராவது போன் செய்து “உங்கள் பார்சலுக்கு ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்றால் சொல்லாதீர்கள்.

“பதிவுத் தபாலில் அனுப்பவும்” என்று படிவத்தில் இருக்கிறது, கவுன்ட்டரில் அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள்

கவுன்ட்டரில் சொல்வது உண்மை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பல்கலைக்கழகப் படிவங்களில் பழைய வாசகம் இன்னும் அப்படியே கிடக்கிறது, யாரும் மாற்றவில்லை. எங்கள் வளாகத்துப் படிவங்களிலும்தான்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தோடு “ரிஜிஸ்ட்ரேஷன்” என்ற கூடுதல் சேவையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து ரூபாயும் வரியும் ஆகும். சேர்த்தால் முகவரியில் உள்ளவரிடமோ, அவர் எழுதிக் கொடுத்து அதிகாரம் அளித்தவரிடமோ மட்டும்தான் தருவார்கள். பழைய பதிவுத் தபாலின் உயிர் இதில்தான் இருந்தது. ஓ.டி.பி. பெற்றுத் தரும் சேவைக்கும் தனியாக ஐந்து ரூபாய். சேர்க்காமல் வெறும் ஸ்பீட் போஸ்ட் என்றால் அந்த முகவரியில் இருக்கும் வேறொருவர் கையெழுத்திட்டு வாங்கலாம். விண்ணப்பத்துக்குப் பரவாயில்லை. அசல் சான்றிதழுக்குச் சேர்த்துவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டணமும் 2025 அக்டோபர் 1 முதல் மாறியது. ஐம்பது கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர் எங்கே போனாலும் 47 ரூபாய், வரி தனி. ஐம்பதைத் தாண்டினால் தூரத்தையும் பொறுத்து ஏறும். அதே அறிவிப்பில் மாணவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. இது பாதிப் பேருக்குத் தெரியாது, நாமாகக் கேட்காமல் கிடைப்பதும் சந்தேகம். அடையாள அட்டையைக் காட்டிப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். டெல்லி ஐ.ஐ.டி. வளாகத்து அஞ்சல் நிலையத்தை 2025 நவம்பரில் இளைஞர்களுக்கென்று வைஃபை, கியூஆர் பதிவு என்று புதுப்பித்தார்கள். மற்ற வளாகங்களிலும் அதுபோலச் செய்யப்போவதாக அப்போது அறிவித்தார்கள். நமக்குச் சுவரில் வண்ணம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், தள்ளுபடி இப்போதே இருக்கிறது.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது, கவுன்ட்டர் மூடிவிட்டது

முதலில் அறிவிப்பை மறுபடி படியுங்கள். “அனுப்ப வேண்டிய” கடைசித் தேதியா, “வந்து சேர வேண்டிய” கடைசித் தேதியா? பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும்.

வளாகத்துக் கவுன்ட்டர் மூடினால் ஊரின் தலைமை அஞ்சல் நிலையத்துக்குப் போங்கள், அங்கே நேரம் அதிகம். பெரிய ரயில் நிலையங்கள் சிலவற்றில் உள்ள ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) கவுன்ட்டர்களில் இரவிலும் வாங்குவார்கள். கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள், சிலவற்றை மூடியும் இணைத்தும் விட்டார்கள். இன்னொன்று: ஒவ்வோர் அஞ்சல் நிலையத்திலும் பை கட்டும் நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பிறகு கவுன்ட்டரில் வாங்கினாலும் உறை அன்றிரவு அங்கேயே தூங்கும். “இன்னிக்குப் பை கட்டியாச்சா?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தீபாவளி 2026-இல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 9, 10 தேதிகளில் சேர வேண்டியதை அதற்கு முந்தைய திங்கள் அல்லது செவ்வாயே அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கவுன்ட்டரில் நிற்பவர்கள் எல்லாரும் பேருந்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்தவர்கள், வரிசையில் பொறுமை இருக்காது.

வீட்டுப் பலகாரம் தூளாகி வந்தது, அல்லது எண்ணெய் வடிந்து வந்தது

தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் வளாகத்திலேயே இருப்பவர்கள் வடமாநில மாணவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், தேர்வு வைத்திருப்பவர்கள். அவர்கள் வீட்டிலிருந்து வரும் பெட்டிகளைத் தூக்கும்போதே எனக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். நெய் வாசனை மறையாது.

ஐப்பசியில் இங்கே வடகிழக்குப் பருவமழை. ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய முகவரி மழையில் கரைந்து, நீல ஓவியமாக வந்து நிற்கும். பால்பாயின்ட் பேனாவில் எழுதி அதன்மேல் அகலமான கண்ணாடி டேப் ஒட்டச் சொல்லுங்கள். பெட்டிக்கு உள்ளேயும் ஒரு துண்டுத்தாளில் இரண்டு முகவரியும் எழுதிப் போடச் சொல்லுங்கள். வெளிச்சீட்டு கிழிந்த பெட்டியைத் திறந்து பார்த்து உரியவரிடம் சேர்த்த கதை எங்கள் அறையிலேயே நடந்திருக்கிறது.

முறுக்கு, தட்டை, ரவா லட்டு தாங்கும். அதிரசம் தாங்கும், ஆனால் எண்ணெயைப் பிழிந்தபின் வைக்க வேண்டும். பாலில் செய்தது எதுவும் வேண்டாம். துணிப்பையில் தைத்து அனுப்பும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அழகுதான், ஆனால் முறுக்குக்கு ஆகாது. மூடி இறுகிய டப்பாவில் போட்டு, அதைச் சுற்றிச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியை உலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

பட்டாசு? தபாலில் போகாது. கம்பி மத்தாப்பும்தான். வெடிக்கும், தீப்பற்றும் எதையும் தபாலில் போடக் கூடாது. “சும்மா சின்னப் பையனுக்கு ஒரு பெட்டி” என்று யாரும் கெஞ்ச வேண்டாம். எண்ணெய், ஊறுகாய், வாசனைத் தைலம் போன்றவற்றையும் பதிவு செய்யும்போது மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பாட்டில் உடைந்தால் அந்தப் பையில் இருக்கும் எல்லாருடைய சான்றிதழிலும் மாங்காய் மணக்கும்.

நான் ஊருக்குப் போன பிறகு தபால் வளாகத்துக்கு வந்துவிட்டது

போவதற்கு முன் என்றால் வழி எளிது. ஊர் முகவரிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பட்டுவாடா அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். என்னிடமும் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். நண்பர் வாங்குவார் என்றால் அவர் பெயர், பதிவு எண், உங்கள் கையெழுத்துடன் அதிகாரக் கடிதம் எழுதி உங்கள் அடையாள அட்டை நகலோடு அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வாட்ஸ்அப்பில் “அவன்கிட்ட குடுங்கண்ணா” என்று அனுப்பினால் என்னால் தர முடியாது.

போன பிறகுதான் தெரிந்தது என்றால் அன்றே பட்டுவாடா அலுவலகத்துக்குப் பேசி, வைத்திருக்கச் சொல்லிவிட்டு, எழுத்திலும் அனுப்புங்கள். கல்லூரி திறக்கும் நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தால் இது உதவாது. அனுப்பியவருக்கே திரும்பட்டும், அவர் ஊருக்கு மறுபடி அனுப்புவார்.

பாஸ்போர்ட்டில் மட்டும் இந்த விளையாட்டு கூடாது. அது விண்ணப்பத்தில் கொடுத்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் வரும், தர முடியாவிட்டால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே போய்விடும். பிறகு அங்கே அலைய வேண்டும். மே மாதத்தில் விண்ணப்பிப்பவர்கள் விடுதி முகவரியா, வீட்டு முகவரியா என்று அப்போதே யோசியுங்கள்.

“ஆதார் பி.வி.சி. அட்டை வரவே இல்லை அண்ணா” என்று மாதம் இருவராவது வருகிறார்கள். விடுதியில் உட்கார்ந்து ஆர்டர் செய்தாலும் அது ஆதாரில் பதிவான முகவரிக்குத்தான் போகும். வீட்டில் பீரோவில் பாருங்கள், பாட்டி பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்.

செமஸ்டர் முடிந்தது, புத்தக மூட்டையை அனுப்பக் கட்டணம் அதிகமாகிறது

2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங்கும் உண்டு. தரைவழியாகப் போகும், ஆகவே மெதுவாகத்தான் சேரும். அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் உள்ள பாடநூல், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு மட்டும்தான். விளம்பரம் இருக்கக் கூடாது, வார, மாத இதழ்களும் சேராது. உங்கள் கையெழுத்து நோட்டும் ஜெராக்ஸ் கட்டும் சேராது. நடுவில் ஒரு சட்டையைச் செருகி வைக்கும் கெட்டிக்காரர்கள் மொத்தத்துக்கும் பார்சல் கட்டணம் கட்டிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது

கொஞ்சம் சொல்கிறேன். முதல் விஷயம், அனுப்பவே வேண்டுமா? மதிப்பெண் பட்டியலை இணையம் வழியாகவே ஏற்கும் இடங்கள் நிறைய. தாளில்தான் வேண்டும் என்றால் பல்கலைக்கழகம் முத்திரையிட்டு ஒட்டிய உறையை நீங்கள் பிரிக்கக் கூடாது, அதை இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து அனுப்புங்கள். தேர்வுப்பிரிவு அலுவலகம் பண்டிகை வாரத்தில் முத்திரை போடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்புவோர் கவுன்ட்டரில் நிலவரம் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். 800 டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கு அங்கே இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் முடிவதை ஒட்டி நம் அஞ்சல் துறை பதிவை நிறுத்தியது. அக்டோபர் 15 முதல்தான் மீண்டும் தொடங்கியது, இந்த முறை சுங்க வரியை இங்கேயே முன்கூட்டி வாங்கும் ஏற்பாட்டோடு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அண்ணனுக்குத் தீபாவளிப் பட்டுவேட்டி அனுப்பிய ஒரு பெண் அந்தச் சமயத்தில் பெட்டியைத் திரும்ப என் அறைக்கே தூக்கி வந்தாள்.

எல்லாம் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை

கட்டணமில்லா எண் 1800 266 6868. அஞ்சல் துறை இணையதளத்திலும் புகார் பதியலாம். பதிவு செய்த எண், தேதி, அனுப்பிய அலுவலகம், பெறுபவர் முகவரி, டிராக்கிங்கில் கடைசியாக வந்த வரி, இந்த ஐந்தையும் எழுதுங்கள். “எனக்கு மிகவும் மன உளைச்சல்” என்று தொடங்கும் புகாரில் பெரும்பாலும் எண் இருக்காது. பதிலில் வரும் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டுப் போடுங்கள்.

அனுப்பியவரையும் அவர் ஊரில் புகார் செய்யச் சொல்லுங்கள். பணம் கட்டியவர் அவர், ரசீது அவர் கையில் இருக்கிறது. ரசீதின் மை சில மாதத்தில் மங்கிவிடும், அதற்குள் ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்த முறை எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி.